பேர் போடும் கண்ணாடிகள்

ஐம்பதுகளின் நடுவில் கல்முனைத் தியேட்டரில் படம் பார்த்த ஆட்கள் யாராவது இன்னும் இருந்தால், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு ஆசை. சில படங்களுக்குத் தொடக்கத்தில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் பேர்கள் வந்தனவே, நினைவிருக்கிறதா? இருக்காது. பேர் போடும் நேரத்தில் யார் திரையைப் பார்க்கிறார்கள்? கச்சான் கடலை வாங்கவும் கதிரை பிடிக்கவுமே அந்த நேரம் போதாது. அந்த எழுத்துகளை எழுதியவள் நான்தான். மருதமுனையில், எனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டின் குசினியில் இருந்து எழுதினேன்.

என் மாப்பிள்ளை அந்தத் தியேட்டரில் படமிசின் ஓட்டினார். சாய்ந்தமருதுக் கடற்கரைக் குடும்பம். வீட்டில் எல்லாரும் வலையோடு பிறந்தவர்கள். இவருக்கு மட்டும் தோணியில் ஏறினால் சத்தி வரும். மட்டக்களப்புக்குப் போய் மிசின் வேலை பழகிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்ததும் என் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். வாப்பா உயிரோடு இருந்தவரை ஊர் வாயைத் திறக்கவில்லை. உம்மா முன்பே போய்விட்டா. வாப்பாவும் மௌத்தான பிறகு எனக்குப் 'படக்காரன் பொஞ்சாதி' என்று பேர் விழுந்தது.

பிறகு பிள்ளை பிறந்தான். பதினெட்டு நாள் இருந்தான். காலையில் காய்ச்சல் என்றார்கள், அஸர் தொழுகைக்கு முன் போய்விட்டான். ஏழாம் நாள் கத்தம் ஓத வந்த பெண்களில், பக்கத்து வளவு ராத்தா, நான் உள்ளறையில் விழித்துக்கொண்டு கிடப்பது தெரிந்தும் சொன்னா:

"படம் காட்டுற ஊட்டுல புள்ள எப்பிடிகா தங்கும்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் அன்று நான் பேசாமல் கிடந்தேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தச் சொல்லை நானும் நம்பிவிட்டேன். முழுதாக இல்லை, கொஞ்சம். கொஞ்சம் போதாதா? அன்றிலிருந்து மாப்பிள்ளையோடு கதைப்பது நின்றுபோனது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. சோறு போட்டேன், சாரம் கழுவிக் காயவைத்தேன். அவர் எதைக் கேட்டாலும் "ஓம்" அல்லது "இல்ல". அதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடமிருந்து வரவில்லை.

அந்த நாட்களில் நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. விடிந்தால் எட்டுத் திக்கிலும் டக்கு டக்கு என்று சத்தம். எங்கள் வீட்டில் மட்டும் வாப்பாவின் தறி சும்மா நின்றது. முன்பெல்லாம் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. உப்புக்கும் நெருப்புக்கும் அந்த வழியாகத்தான் பெண்கள் வந்து போவார்கள். ஒரு நாள் எழும்பிப் பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கிடுகு வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்தால் அடைக்கட்டும் என்று இருந்தேன். ஆனால் பகலில் பத்துத் தரமாவது அந்த இடத்தைப் பார்ப்பேன். மாப்பிள்ளை பின்னேரம் சைக்கிளில் போனால் இரண்டாம் காட்சி முடிந்துதான் வருவார். நான் என் குரலைக் கேட்பது தொழும்போது மட்டும்தான் என்றாகிவிட்டது.

இப்படி ஏழெட்டு மாதம் போன பிறகு, ஒரு நாள் காலையில் அவர் ஒரு பார்சலை அவிழ்த்தார். உள்ளே உள்ளங்கை அளவில் வெட்டிய கண்ணாடித் துண்டுகள். கூடவே ஒரு பாட்டுப் புத்தகம், தியேட்டர் வாசலில் விற்பார்களே, நடிகர்கள் பேரும் பாட்டும் அச்சடித்தது.

"புள்ள, ஒரு உதவி வேணும்."

அவரே சொல்லிக்கொண்டு போனார். படச்சுருள் கொழும்பில் ஓடி, யாழ்ப்பாணத்தில் ஓடி, மட்டக்களப்பில் ஓடி, எல்லாருக்கும் அலுத்த பிறகுதான் கல்முனைக்கு வரும். ஒவ்வொரு ஊரிலும் மிசினில் மாட்டும்போது முன்பக்கம் கிழியும். கிழிந்ததை வெட்டி எறிவார்கள். எங்களிடம் வந்து சேரும்போது பேர் போடுகிற பகுதியே இராது; விளக்கை அணைத்தவுடன் யாரோ ஒருவன் குதிரையில் ஓடிக்கொண்டிருப்பான். பேர் வராவிட்டால் சனம் விடாது. பழைய படத்தை வேறு பேரில் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று கூச்சல் போட்டு, போன கிழமை நாலு கதிரை உடைந்துவிட்டதாம். முதலாளி சொன்னாராம், பேர்களைக் கண்ணாடியில் எழுதிச் சிலைட் போடு என்று.

"என்ட எழுத்து உனக்குத் தெரியும்தானே" என்றார். "கோழி கிண்டினாப் போல."

அது உண்மை. என் எழுத்து அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு என்னை நிற்பாட்டினாலும், வாப்பாவுக்குச் சாரத்தின் கரைக்குக் கட்டம் போட்ட தாளில் பூ வைத்துக் கொடுத்தது நான்தான். கண்ணாடியை ஒன்று எடுத்துப் பார்த்தேன். விளிம்பு என் விரலை வெட்டியது.

"கண்ணாடியில மை நிக்காதே" என்றேன். எட்டு மாதத்தில் அவரோடு நானாகக் கதைத்த முதற் கதை அது.

மை நிற்கவில்லைதான். இரண்டு நாள் பாழாகப் போனது. மூன்றாம் நாள் லாந்தர் விளக்கின் சிமிலிக் கண்ணாடியில் கரி படிந்திருப்பதைப் பார்த்தபோது யோசனை வந்தது. எழுத்தை ஏன் எழுதவேண்டும்? கரியை முழுக்கப் பூசிவிட்டு எழுத்தை மட்டும் சுரண்டி எடுத்தால், அந்த வழியாகத்தானே வெளிச்சம் போகும்? கண்ணாடியை விளக்குச் சுவாலைக்கு மேல் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினேன். கரி தடித்தால் உதிரும், மெலிந்தால் வெளிச்சம் ஒழுகும். அந்த நடு அளவைக் கைதான் பழகவேண்டும். மெல்லிய கோட்டுக்குத் தையல் ஊசி, தடித்த கோட்டுக்குச் சீவிய ஈர்க்கில். எழுதி முடித்ததும் மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, கரியில் படாமல் இடையில் மட்டைக் கீலம் கொடுத்து, நாலு பக்கமும் தாள் ஒட்டிவிடுவேன். முதல் கண்ணாடியை வெயிலுக்கு நேரே பிடித்தபோது குசினிச் சுவரில் படத்தின் பேர் மங்கலாகத் தெரிந்தது. யாரிடமாவது காட்டவேண்டும் போல இருந்தது. காட்ட யாரும் இல்லை. அவர் நித்திரையால் எழும்பும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளிக்கு ஆசை கூடிவிட்டது. கதாநாயகியின் முகத்தை ஒரு மூலையில் கீறச் சொல்லி அனுப்பினார்.

"கீறுறன்" என்றேன். "நாளைக்கு மஹ்ஷர்ல, கீறினத்துக்கு உசிர் குடு எண்டு அல்லாஹ் கேட்டா, பதில் சொல்ல முதலாளி வருவாராமா?"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு போய்விட்டார். முகம் கீறமாட்டேன், மயில் கீறமாட்டேன், மான் கீறமாட்டேன். எனக்கு மிஞ்சியது கோடும் கட்டமும்தான். தறியில் வேலை செய்த வீட்டுப் பெண்ணுக்குக் கோடு போதாதா? ஆனால் எந்தக் கோட்டை எங்கே வைப்பது என்று தெரிய, படத்தின் கதை தெரியவேண்டும். நானோ தியேட்டர் வாசலையே கண்டதில்லை. ஆகவே அவரிடம் கேட்கவேண்டியிருந்தது.

அவர் பாயில் இருந்துகொண்டு கதை சொல்வார். சொல்ல மட்டும் மாட்டார், ஆடியும் காட்டுவார். அழுகிற இடத்தில் அழுவார். நான் ஊசியும் கையுமாக இருந்து குறுக்குக் கேள்வி கேட்பேன். ஆற்று வெள்ளத்தில் பிரிந்துபோன அக்கா தம்பி கதை ஒன்று வந்தது. "கடைசில அவள் அவனக் கண்டாளா இல்லையா, அதச் சொல்லுங்க முதல்ல" என்றேன். கண்டாளாம். அந்தப் படத்துக்கு ஒன்பது கண்ணாடி. முதற் கண்ணாடியின் அடியில் நூல் மாதிரி ஒரே ஒரு கோடு. அடுத்ததில் அதே கோடு நெல்மணி அளவு மேலே. அப்படியே கண்ணாடிக்குக் கண்ணாடி தண்ணீர் ஏறும், பேர்கள் ஒதுங்கி ஒதுங்கி மேலே போகும். கடைசியில் படமெடுத்தவரின் பேர் தண்ணீருக்கு மேல் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதை யோசித்துக் கண்டபோது எனக்கே என் மேல் ஆச்சரியம் வந்தது.

ஒவ்வொரு கண்ணாடியும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதும் என் பொறுப்பு. "பதினைஞ்சு எண்ணி அடுத்தத மாத்துங்க" என்று சொல்லி விட்டேன். எனக்கு எண்ணுவதென்றால் தறியில் நாடா போய்வருகிற கணக்கு. எங்கள் தெருவில் வேறு கணக்கு உண்டா? மறுநாள் காலை மனிசன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழும்பினார். வெள்ளம் ஏறவே இல்லையாம். ஒரு கண்ணாடி போனால் மற்றதற்கு ஒரு யுகமாம். சனம் விசிலடித்துத் தள்ளிவிட்டதாம்.

"எப்பிடி எண்ணினீங்க?" என்றேன்.

எண்ணிக் காட்டினார். அல்லாஹ்வே! கரைவலை இழுக்கிற கணக்கு. இரண்டு காலையும் மணலில் ஊன்றி, ஒரு இழுவை, ஒரு மூச்சு, மற்ற இழுவை. நான் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாள்! சிரித்ததும் பிள்ளையின் நினைப்பு வந்தது. எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து, பலகையில் தட்டித் தட்டித் தறிக் கணக்கைப் பழக்கினேன். சைக்கிளில் போகும்போதும் முணுமுணுத்துக்கொண்டு போனார். அன்று வெள்ளம் ஒழுங்காக ஏறியதாம், சனம் கை தட்டியதாம்.

கை தட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கவேண்டும் என்று வந்துவிட்டது. என் கையால் ஆன ஒன்று, இருட்டுக்குள் சுவர் அளவுக்கு வெளிச்சமாக நிற்பதை ஒரே ஒரு தரம் என் கண்ணால் காணவேண்டும். காணாவிட்டால் அந்த வீட்டில் நான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று தோன்றியது. வேறு என்ன இருந்தது எனக்கு? பெற்றதும் நிற்கவில்லை, உறவும் வரவில்லை.

"என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"பாப்பம்" என்றார். அடுத்த படத்துக்குக் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் பொறு புள்ள, ஊர் வாய் தெரியும்தானே" என்றார். அதற்கடுத்த படத்துக்கும் அதுதான் பதில். ஆனால் கண்ணாடி வருவது நிற்கவில்லை. பாட்டுப் புத்தகம் இப்போது வருவதில்லை என்று ஒரு தாளில் பேர்களைத் தானே எழுதிக்கொண்டு வருவார், ஒரு வரி மற்ற வரியில் ஏறிக் கிடக்கும். நான் ஏசுவேன். ஏசிக்கொண்டே எழுதுவேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. என் கை நன்றாகத் தேறியிருந்தது. இருட்டில் ஒளிந்து வாழும் ஒரு பெண்ணின் கதைக்குக் கரியைத் துளித் துளியாக மட்டும் எடுத்து, தூரத்து விளக்குகள் போலப் பேர்களை வைத்தேன். அதுதான் நான் செய்ததில் நல்லது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், பெண்களுக்கு மட்டும் காலைக் காட்சி என்று வண்டிலில் அறிவித்துக்கொண்டு எங்கள் தெருவழியே போனார்கள். அந்தப் படத்துக்கு என் கண்ணாடிகள் போய் நாலு நாள். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொறு என்பார். அன்று காலை அவர் வேலைக்கு வெளிக்கிட்டதும் நல்ல சேலையை உடுத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். முனையில் சேலையால் மறைப்புக் கட்டிய மாட்டு வண்டில் ஒன்று நின்றது. ஏறுகிறேன், உள்ளே யார் இருக்கிறது? பக்கத்து வளவு ராத்தா!

"நீயுமாகா?" என்றா.

"ஓம். என்ட மாப்பிள்ள ஓட்டுற படம்தானே. நீங்க எப்பிடி ராத்தா, படம் காட்டுற ஊட்டுக்கு?"

ராத்தா மறைப்புச் சேலையை விலக்கி வெளியே பார்த்தா. எனக்கு அது போதவில்லை. கல்முனை வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். வாய் விட்டால்தானே! "துவக்கத்தில பேர் வரக்குள்ள நல்லாப் பாருங்க" என்றேன். "அது முழுக்க நான் எழுதின." வண்டிலில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் நான் எவ்வளவு குளிர்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தியேட்டரில் ராத்தா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தா. விளக்கு அணைந்தது. இப்போது கறுப்பு வரும், முதலில் ஒரே ஒரு புள்ளி, பிறகு பேர்.

கறுப்பு வரவில்லை. தடபுடலென்று சங்கீதம் எழும்பியது. ஒரு மயில் தோகை விரித்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முகம் வந்து, கண்ணை உருட்டி, புகையாகப் போக, அந்தப் புகையிலிருந்து படத்தின் பேர் சுழன்று வந்து நின்றது. அச்சில் வார்த்த மாதிரி எழுத்து. பேர்கள் வந்தன, போயின, ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. நான் எழுதிக் கொடுத்த அதே பேர்கள், அதே வரிசை. ஒன்றுகூட என் கையெழுத்து இல்லை.

ராத்தா என் காதுக்குள் சொன்னா: "நல்லாத்தான்கா எழுதியிருக்காய். ஆனா இந்தப் பொம்பிளட மூஞ்சையும் மயிலையும் கீறியிருக்கியே, பாவமில்லையா?"

"நான் இல்ல" என்றேன்.

"அப்ப உன்ட எங்க?"

"தெரியா."

எழும்பி வெளியே போனேன். கண் தெரியவில்லை, எத்தனை பேரின் காலை மிதித்தேனோ! தியேட்டருக்குப் பின்பக்கம் மிசின் அறைக்குப் போகும் மரப்படி இருந்தது. ஏறிக் கதவைத் தள்ளினேன். உள்ளே அனல். அவர் மேல்சட்டையில்லாமல், வியர்வை வழிய, மிசினோடு ஒட்டிக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு கரிக்குச்சிகள் நுனிக்கு நுனி எரிந்து வெளிச்சம் கொடுக்கும். எரிய எரிய அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்கவேண்டும், கண்ணை எடுத்தால் திரை இருண்டுபோகும். இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னதுதான். என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறியது. பிறகு குச்சிகளின் பக்கம் திரும்பிவிட்டார்.

"என்ட கண்ணாடி எங்க?"

தலையால் மூலையைக் காட்டினார். ஒரு தேயிலைப் பெட்டி. மூடியைத் திறந்தேன். படம் படமாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணாடியையும் பழைய சாரத்துணியில் சுற்றி அடுக்கியிருந்தது. ஒன்றிலும் கரி உதிரவில்லை.

"எத்தின படத்துக்குப் போட்டீங்க?"

"மூண்டு."

"மத்ததெல்லாம்?"

"முதலாளி வேற கொம்பனிக்கிட்டப் படம் எடுக்கத் துவங்கிட்டாரு. இப்ப வாறதெல்லாம் முழு ரீல். பேர் அதிலயே கிடக்கு."

"அப்ப எனக்கு எழுதித் தந்த பேரெல்லாம்?"

"திரையில ஓடக்குள்ள பாத்து எழுதின. ரெண்டு மூணு தரம் பாத்தாத்தான் எல்லாம் புடிபடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் படியால் எறிந்திருப்பேன். "ஒரு வருசமா!" என்று கத்தினேன். "ஒரு வருசமா, கண்ணெரிய, கை வெட்டுப்பட, கரியத் திண்டுகொண்டு எழுதினேனே. ஆருக்காக? இந்தப் பெட்டிக்கா? வண்டில் நிறையச் சனத்துக்கு முன்னால, நான் எழுதின எண்டு பெருமையடிச்சிட்டு வந்து நிக்கிறன். என்னப் பைத்தியக்காரி எண்டு நினைச்சீங்களா? என்னத்துக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

மிசின் சத்தத்தில் என் குரல் கீழே கேட்டிருக்காது. அவர் குச்சியை ஒரு மயிரளவு தள்ளினார். அப்புறம்தான் சொன்னார்:

"கண்ணாடி கொண்டுவந்தாத்தான் நீ என்னோட கதைக்கிறாய். கண்ணாடி இல்லாட்டி, அந்த ஊட்டுக்குள்ள நான் ஆரோட கதைக்கிற?"

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன். தனிமையெல்லாம் எனக்கு மட்டும்தான் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். வேலியை அடைத்தது எனக்கு, வார்த்தை விழுந்தது எனக்கு, பெற்றதும் பறிகொடுத்ததும் நான். அந்த மனிசனும் அதே வீட்டில்தான் இருந்தார். தன் ஊரை விட்டு வந்து, என் வளவில், என் வாயிலிருந்து ஒரு சொல் விழாதா என்று படம் படமாகப் பேர் பார்த்து எழுதிக்கொண்டு இருந்தார். அவர் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள். அவர் படலையைத் தாண்டிப் போனதோடு எனக்கு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் நாங்கள் கதைத்ததில்லை.

"புள்ளைய எங்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. திரை கொஞ்சம் மங்கியிருக்கவேண்டும், கீழே பெண்கள் சத்தம் போட்டார்கள். உடனே குச்சியைச் சரிப்படுத்தினார்.

"கடல் பக்கத்து மூலையில. பூவரச மரத்தடி. வெயில் விழாது" என்றார். "வெள்ளிக்கு வெள்ளி ஜும்ஆ முடிய அங்க போய்ட்டுத்தான் ஊட்டுக்கு வாறன்."

"எனக்கு ஒரு நாளும் சொல்லல்லையே."

"நீ கேக்கல்லையே, புள்ள."

அதைச் சொல்லும்போதும் அவர் திரும்பவில்லை; திரும்பினால் வெளிச்சம் போய்விடும், கீழே சனம் கத்தும்.